பல் தெரியும் படம்

கலையரசன் மூன்றாவது தடவையாகப் போன் செய்தபோது இளவரசன் ஃப்ரீசர் பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க இன்னொரு கை இல்லை. "சாய்ச்சிப் புடிங்க, நெலப்படியில இடிக்குது" என்று வண்டிக்காரர் சத்தம் போட, நான்கு பேரும் மூச்சைப் பிடித்துச் சாய்த்து ஒருவழியாகப் பெட்டியைக் கூடத்தில் இறக்கினார்கள். பெட்டிக்கு இடம் வேண்டுமென்று தையல் மெஷினை ஜன்னலோரம் தள்ளியிருந்தார்கள். பாதி தைத்த ஜாக்கெட் ஒன்று ஊசிக்கு அடியில் அப்படியே கிடந்தது. அதை எடுத்து மடித்து வைக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

காலை ஐந்தரைக்கு டீக்குப் பால் வைத்தவள்தான் செந்தமிழ்ச்செல்வி. பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்துதான் இளவரசன் எழுந்து போனார். அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தாள். பெரியாஸ்பத்திரியில் நாடி பிடித்துப் பார்த்த பெண் டாக்டர், "வரும்போதே முடிஞ்சிருக்குங்க" என்றாள். நாற்பத்தொன்பது வயசு. இதயமாம். அப்படி ஒன்று உள்ளே இருப்பதாக அவள் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை.

போனை எடுத்தார்.

"அண்ணே, மன்னிச்சிக்கோங்கண்ணே, இந்த நேரத்துல தொந்தரவு பண்றேன்" என்றான் கலையரசன். கள்ளக்குறிச்சியில் பிளக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருப்பவன். "அக்கா பேனருக்கு ரெண்டு நம்பர்லேர்ந்து ரெண்டு போட்டோ வந்திருக்குது. ஒண்ணு ஜெயசுதா பாப்பா அனுப்பிச்சிது. இன்னொண்ணு அக்காவோட அண்ணன் அனுப்பிச்சிது. நான் எதப் போடறது?"

இந்தத் தகராறு அரை மணி நேரமாக வீட்டுக்குள் புகைந்துகொண்டிருந்ததுதான்.

மகள் ஜெயசுதா அனுப்பியது தன்னுடைய வளைகாப்பன்று எடுத்த படம். அரக்குப் பட்டுச்சேலை, நெற்றியில் சந்தனம். யாரோ என்னவோ கேலி பேசியிருக்கிறார்கள். செந்தமிழ்ச்செல்வி தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தப் படத்தைப் போனில் பார்த்த அன்றைக்கே, "நான் போய்ச் சேந்தா இதத்தான் பேனர்ல போடணும், சொல்லிட்டேன்" என்றாள். "வாய வெச்சிக்கினு சும்மா இரும்மா" என்று மகள் திட்டினாள். "இன்னாடி, எல்லாரும் ஒரு நாளு பேனர்ல ஏறித்தான ஆவணும். ஏறும்போது சிரிச்சிக்கினு ஏறிட்டுப் போறேன்" என்று அதற்கும் சிரித்தாள். ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை.

அவளுடைய அண்ணன் செல்லமுத்து அனுப்பியது ரேஷன் கார்டுக்கு எடுத்த படம். உதடுகளை ஒட்டி வைத்த மாதிரி மூடிக்கொண்டு, யார் மேலேயோ கோபமாக இருப்பவளைப் போல் இருப்பாள். உண்மையில் அவளுக்கு யார் மேலும் கோபம் வந்ததில்லை. போட்டோக்காரன் முன்னால் வாயை மூடிக்கொள்ள அவள் படுகிற பாடு அது.

செல்லமுத்து கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிறவர். தகவல் கிடைத்ததும் தெரிந்த துணிக்கடைக்காரரை வீட்டிலேயே போய் எழுப்பி, ஷட்டரைத் திறக்க வைத்து, கோடிச் சேலை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் பாடையைத் தூக்க முடியாது. அந்தப் பையை அவர் கீழே வைக்கவும் இல்லை, யாரிடமும் கொடுக்கவும் இல்லை. ஜெயசுதா போனை நீட்டிப் படத்தைக் காட்டியபோது அரைக் கண்ணால் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"துக்க பேனர்ல பல்லக் காட்டிக்கினு இருக்கற போட்டோவயா போடுவாங்க? பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

"அம்மாவே சொன்னது மாமா."

"அவ ஆயிரம் சொல்லுவா. அதப் போட்டீங்கன்னா இந்தக் கோடிய நான் போத்த மாட்டேன். எடுத்துக்கினு பஸ் ஏறிடுவேன்."

ஜெயசுதா அழுதுகொண்டே அப்பாவைப் பார்த்தாள். இளவரசன் தரையைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் மச்சானை எதிர்த்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டிய அவசியமும் வந்ததில்லை. செல்லமுத்து தங்கை வீட்டுக்கு வந்தால் பாதி நேரம் வாசலில் நின்று மாட்டையும் மரத்தையும் பார்த்துவிட்டுப் போகிற ஆள். இன்றைக்கு ஒருநாள் பேசித்தான் ஆகவேண்டும். அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்ட பொருள் ரொம்பக் கம்மி. அதில் இது ஒன்று.

"வாங்க மச்சான்" என்றார். "கடைக்கே போயி நேர்ல பேசிக்கலாம். மூணு மணிக்குத் தூக்கணும்."

டி.வி.எஸ். வண்டியில் செல்லமுத்து பின்னால் உட்கார்ந்துகொண்டார். பை மடியில் இருந்தது.

பெண் பார்க்கப் போன அன்று செந்தமிழ்ச்செல்வி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டுதான் காபி கொடுத்தாள். நல்ல வெட்கம் என்று இளவரசனின் அம்மா மெச்சினாள். மாப்பிள்ளைக்கும் அந்த வெட்கம் பிடித்துப்போயிற்று. கல்யாணமான மூன்றாம் நாள் அவள் எதற்கோ மறந்துபோய்ச் சிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மேல்வரிசை முன்பல் இரண்டில் இடது பக்கத்துப் பல் சாய்வாக உடைந்து பாதிதான் இருந்தது. "பதினாலு வயசுல பம்புசெட் தொட்டிப் படியில வழுக்கி வுழுந்தேன்" என்றாள். அப்புறம், "ஏமாத்திட்டேன்னு நெனைக்கறீங்களா?" என்று கேட்டாள். இளவரசனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் அழுதுவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவருக்கு இப்போதுகூட உடம்பு கூசும்.

டாக்டர் சந்தியாவின் பல் கிளினிக்கில் அவர் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. சாமான்களைக் கொதிக்க வைப்பது, மாவு கலந்து பல் அச்சு எடுக்க உதவுவது, எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடிப்பது, பல் அடைக்கிற சிமெண்ட்டை இறுக வைக்கிற நீல லைட்டைப் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. சுற்றுப்பட்டு ஊர்ப் பல்லெல்லாம் அவர் கண்ணெதிரே சரியாகிப் போக, சொந்த வீட்டில் ஒரு பல் உடைந்தபடியே இருந்தது. கூப்பிட்டால், "டாக்டரம்மா முன்னாடி வாயத் தொறக்கணுமா, ஐயையோ" என்பாள். மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்த பிறகுதான், சம்பந்தி வீட்டார் முன்னால் எத்தனை நாள் முந்தானையும் கையுமாக நிற்பது என்று இறங்கி வந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மதிய வேளை. மற்ற ஆட்களை அனுப்பிவிட்டு டாக்டர் சந்தியா அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பல் நிறக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "வாய மூடி ஈரம் பண்ணிக்கோங்கம்மா. பல்லு காஞ்சா வெளுப்பா காட்டி ஏமாத்திடும்."

"ரொம்ப வெள்ளையா வெச்சிடாதீங்க டாக்டரம்மா" என்றாள் செந்தமிழ்ச்செல்வி. "டீ குடிக்கற பல்லு மாதிரியே இருக்கட்டும்."

முந்தின வாரமே அச்சு எடுத்து, அதில் உடைந்த பல்லை மெழுகால் முழுசாக்கி, பின்பக்கத்துக்கு ஒரு ரப்பர் அச்சு செய்து வைத்திருந்தார்கள். அதைப் பல்லுக்குப் பின்னால் அண்டக்கொடுத்து டாக்டர் முதலில் கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஒரு சுவர் எழுப்பினாள். லைட். அதன் மேல் கொஞ்சம் பழுப்பேறிய சிமெண்ட்டை வைத்து, நுனியில் மூன்று சின்ன விரல்போலப் பிரித்துவிட்டாள். லைட். "உள்ள இருக்கறது வேற நெறம்ணே, மேல இருக்கறது வேற நெறம். ஒரே நெறத்துல அப்புனா பல்லு மாதிரி இருக்காது, பட்டன் மாதிரி இருக்கும்" என்று இளவரசனிடம் சொல்லிக்கொண்டே மேல்பூச்சை வைத்தாள். மறுபடி லைட். ஒவ்வொரு தடவையும் இருபது எண்ணிக்கை. இளவரசனுக்குப் பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல் எண்ணிக்கை குழறியது.

"அண்ணே, லைட்டு ஆடுது."

"சரிங்க டாக்டர்."

கடைசியில் பக்கத்துப் பல்லைப் பார்த்துப் பார்த்து ஓரத்தைத் தேய்த்தாள். அச்சு அசலாக அதே மாதிரி வைக்கக்கூடாதாம். ஒரு மூலை கொஞ்சம் மழுங்கியிருக்க வேண்டும், முகப்பில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கோடுகள் ஓட வேண்டும், நாற்பத்தாறு வயசுப் பல்லுக்கு நாற்பத்தாறு வயசுத் தேய்மானம் இருக்க வேண்டும். முடித்துக் கண்ணாடியைக் கொடுத்தபோது செந்தமிழ்ச்செல்வி ரொம்ப நேரம் வாயைத் திறக்கவே இல்லை. நாக்கால் உள்ளே தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, புடிக்கலியா?"

"இல்லீங்க. எந்த எடத்துல ஒட்ட வெச்சீங்கன்னு நாக்கு தேடுது. கெடைக்க மாட்டேங்குது."

"இனிமே நூலக் கடிச்சி அறுக்காதீங்க" என்றாள் டாக்டர். அவள் தையல்காரி என்று இளவரசன் சொல்லியிருந்தார். அன்று வீட்டுக்கு வருகிற வழியில், வண்டியில் ஒரு ஆள் ஆட்டுக்குட்டியை முன்னால் வைத்துப் போனதற்குச் சிரித்தாள். டீக்கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கீழே போட்டதற்குச் சிரித்தாள். சிரிப்பதற்கு ஊரில் இவ்வளவு விஷயம் இருந்தது இளவரசனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிந்தைய மூன்று வருஷமும் அந்த வீட்டில் தையல் மெஷின் சத்தத்தைவிட அவள் சிரிப்புச் சத்தம்தான் ஜாஸ்தி. அந்த மூன்று வருஷம் முப்பது வருஷமாக இருந்திருக்கக் கூடாதா என்று வண்டி ஓட்டிக்கொண்டே நினைத்தார். கண் மறைத்தது. ஓரமாக நிறுத்தி, துடைத்துக்கொண்டு மறுபடி கிளப்பினார்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்குக் குறை. பல் கட்டிய வருஷம் பொங்கலுக்குச் செல்லமுத்து சீர் கொண்டுவந்தார். அவள் வேண்டுமென்றே அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, எதையெதையோ பேசிச் சிரித்தாள். அவர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தாரா இல்லியான்னே தெரியலீங்க" என்றாள் அன்று சாயந்தரம். "வாய்விட்டுச் சொல்லிடேன்" என்றார் இளவரசன். "வேணாம்ங்க. அண்ணங்கிட்ட அந்தப் பல்லப் பத்திப் பேச்செடுக்கக்கூடாது" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு எழுந்து போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த தடவை அவர் வந்தபோது முந்தானை தானாக வாய்க்குப் போய்விட்டது.

கடையில் கலையரசன் எழுந்து நின்று கும்பிட்டான். செல்லமுத்து உள்ளே வரவில்லை. வாசலில், சுருட்டி வைத்த பழைய பேனர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கம்ப்யூட்டர் அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தது. இளவரசன் திரும்பி வெளியே வந்தார்.

"மச்சான், இருபத்தெட்டு வருசத்துல உங்க பேச்சத் தட்னதில்ல. இது ஒண்ணு மட்டும் வுட்டுக்குடுங்க. அவ ஆசப்பட்டது."

"மாப்ள, ஒனக்குத் தெரியாது."

"இன்னா தெரியாது?"

செல்லமுத்து பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். ரோட்டில் கரும்பு டிராக்டர் ஒன்று டிரெய்லரோடு போயிற்று.

"அவ தொட்டிப் படியில வுழல மாப்ள" என்றார். "கரும்பு வெட்டிக்கினு இருந்தாங்க. நான் ஒரு துண்டு ஒடச்சி அவகிட்ட நீட்னேன். நல்லா கடிச்சிப் புடி, எவ்ளோ பலம்னு பாக்கலாம்னு சொன்னேன். கடிச்சா. வெளையாட்டுக்கு வெடுக்குன்னு இழுத்தேன். அவ்ளோதான். வாயெல்லாம் ரத்தம். அப்பா தெரிஞ்சா ஒன்ன வெட்டியே போட்ருவாருன்னு அவதான் சொன்னா. அவளேதான் தொட்டிப் படின்னு சொல்லிக்கினா. நான் பதினெட்டு வயசு தடிமாடு, பேசாம நின்னேன்."

இளவரசன் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டார். தன்னிடம்கூட அவள் சொல்லவில்லை. அந்த மூன்றாம் நாள், அவர் சிரித்து அவள் அழுதபோதுகூட, அண்ணன் பெயரை எடுக்காமல் தொட்டிப் படி என்றுதான் சொன்னாள். அவள் மேல் கோபம் வர வேண்டும் போல் இருந்தது. அந்தப் பெட்டிக்குள் படுத்திருப்பவள் மேல் எங்கே கோபப்படுவது.

"அன்னைலேர்ந்து அவ சிரிச்சா நான் அந்தாண்ட பாப்பேன்" என்றார் செல்லமுத்து. "அவ மூஞ்ச நேரா பாத்து எத்தினி வருசம் ஆச்சின்னு எனக்கே தெரியாது. இப்ப அத எட்டடிக்குப் போட்டுத் தெருவுல கட்னா, அதுக்குக் கீழ நான் எப்டி மாப்ள நிப்பேன்?"

இளவரசன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். மச்சானைத் தொட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"உள்ள வாங்க மச்சான்."

"வேணாம் மாப்ள."

"வாங்க."

கலையரசன் படத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். நெற்றியில் வியர்வை மினுக்கியதைத் துடைப்பதற்காகப் பெரிதாக்கி, அப்படியே கீழே இறக்கி வந்திருந்தான். திரை முழுக்க வாய்தான் இருந்தது. மேல்வரிசைப் பல் ஒவ்வொன்றும் கையகலத்துக்கு, கொஞ்சம் பழுப்பேறி, விளக்கு வெளிச்சம் பட்டு ஈரமாக மின்னியது.

செல்லமுத்து முதலில் தரையைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். கிட்டே போனார். பையை நாற்காலியில் வைத்தார். காலையிலிருந்து அதை அவர் கீழே வைத்தது அப்போதுதான்.

"கம்ப்யூட்டர்லயே சரி பண்ணிட்டியாப்பா?"

"எதைங்க?"

"பல்ல."

"பல்லயெல்லாம் நான் தொடலீங்களே" என்றான் கலையரசன். "அது அக்கா பல்லு. வந்த மாதிரியே இருக்குது."

செல்லமுத்து இளவரசனைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணு வருசம் ஆச்சி மச்சான். எங்க டாக்டரம்மாதான் கட்டுனாங்க. நாந்தான் லைட்டு புடிச்சேன்."

"மூணு வருசமா?"

"ஆமாங்க."

"இந்தப் பல்லோடயா சுத்திக்கினு இருந்தா?"

"ஆமாங்க மச்சான்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லல பாரு."

பொங்கலன்று அவருக்கு எதிரே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கதை இளவரசனுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்.

"சொல்லணும்னுதான் இருந்தா" என்றார்.

செல்லமுத்து குனிந்து, கண்ணைச் சுருக்கி, பல் பல்லாகப் பார்த்தார். கரும்புச் சோகை அறுத்துக் காய்த்துப்போன ஆள்காட்டி விரலைத் தூக்கித் திரைக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தி, கொஞ்சம் தயங்கி, முன்பல் ஒன்றின் மேல் வைத்தார். நுனியிலிருந்து மேல்வரைக்கும் மெல்லத் தடவினார்.

"இதான?"

அவர் தொட்டது பக்கத்துப் பல். பிறந்து முளைத்த நாளிலிருந்து ஒரு கீறல்கூட விழாத பல்.

"ஆமாங்க மச்சான்" என்றார் இளவரசன்.

விரல் அங்கேயே இருந்தது. கலையரசன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு வேறு எங்கோ பார்த்தான். பிறகு, "இதையே அடிச்சிடவாண்ணே?" என்று இளவரசனிடம் கேட்டான்.

பதில் செல்லமுத்துவிடமிருந்து வந்தது. "அடிப்பா."

பின்கட்டில் மெஷின் ஓட ஆரம்பித்தது. வெள்ளைத் துணிக்கு மேல் மை தெளிக்கிற பெட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விரற்கடை அளவுதான் படம் இறங்கியது. முதலில் கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்து வந்தது. பிறகு நடு வகிடு, நெற்றிச் சந்தனம், இடுங்கிச் சிரிக்கிற கண்கள்.

"முழுசா வர இன்னும் பத்து நிமிசம் ஆவும். ஒக்காருங்கண்ணே, டீ சொல்றேன்" என்றான் கலையரசன்.

இரண்டு பேரும் உட்காரவில்லை. மூக்குத்தி வந்தது. அதற்குக் கீழே துணி இன்னும் வெள்ளையாக இருந்தது. செல்லமுத்து மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெஷினுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போய் நின்றார்.